முகம் மட்டும் நினைவில் நின்றது

கூடுதல் வாக்குமூலம். பதிவான நாள்: 16 ஆகஸ்ட் 2024, வெள்ளிக்கிழமை. தொடங்கிய நேரம்: பிற்பகல் 1.20. பதிவு செய்தவர்: விசாரணை அதிகாரி நிவேதிதா. சாட்சி தமிழில் சொல்ல, தமிழிலேயே எழுதப்பட்டது.

என் பெயர் அந்தோனியம்மாள். வயது 54. சிங்கப்பூரில் பிறந்தவள். அடையாள அட்டை எண் தனித்தாளில் பதிவாகியுள்ளது. புக்கிட் பாத்தோக்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் என் கணவர் ஆம்ப்ரோஸுடன் வசிக்கிறேன். அவருக்கு வயது 58. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறார். நான் டன்லப் ஸ்திரீட்டில் ஓர் அழகு நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பெரும்பாலும் நூலால் புருவம் திருத்தும் வேலை, அதாவது திரெட்டிங்.

சென்ற 10 ஆகஸ்ட் 2024 சனிக்கிழமை மாலை எங்கள் கடை வாசலில் சுந்தரம் என்ற 74 வயதுப் பெரியவர் இடித்துத் தள்ளப்பட்டு இடுப்பெலும்பு முறிந்தது தொடர்பாக, அன்றே சம்பவ இடத்தில் வேறோர் அதிகாரியிடம் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் திலீப் என்ற இளைஞர் சைக்கிளில் வேகமாக வந்து பெரியவரை இடித்ததைக் கடைக்குள்ளிருந்து பார்த்தேன் என்று சொல்லியிருந்தேன். அது தவறு. அதைத் திருத்துவதற்காக நானாகவே இன்று வந்திருக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. பொய்த் தகவல் கொடுப்பது குற்றம் என்பது எனக்கு விளக்கப்பட்டது. சனிக்கிழமை பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் அப்படிச் சொல்லவில்லை. பார்த்தேன் என்றே நம்பினேன்.

சனிக்கிழமை நடந்ததை இப்போது எனக்கு உறுதியாகத் தெரிந்த அளவில் மட்டும் சொல்கிறேன்.

மாலை நாலரை மணி இருக்கும். தேசிய தினத்துக்கு மறுநாள் என்பதால் தெருவில் கூட்டம் அதிகம். நான் சிவானி என்ற வாடிக்கையாளருக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். அவருக்கு இருபத்தொன்பது வயது. இரண்டாண்டாக வருகிறவர். வலது புருவம் முடிந்து இடது புருவத்தின் மேல்விளிம்பில் இருந்தபோது வெளியே ஏதோ விழுந்த சத்தமும், அதைத் தொடர்ந்து ஒருவர் "ஐயோ" என்று கத்தியதும் கேட்டது. நான் நூலைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினேன். சிவானியும் நெற்றியில் பவுடரோடு என் பின்னால் வந்தார்.

கடைக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில், அதாவது கூரையிட்ட நடைபாதையில், ஒரு பெரியவர் பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். அவர் எங்களுக்கு அடுத்த கடையில் கைத்தொலைபேசி அட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் என்பது பிறகு தெரிந்தது. சாலையோரம் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ஓர் இளைஞர் தரையில் மண்டியிட்டுப் பெரியவரின் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, தண்ணி குடுங்க. குடிக்க இல்ல, மூஞ்சி தொடைக்கத்தான். யாரும் இவர தூக்காதீங்க லா" என்றார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் முகத்தைப் பற்றி அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். மிக லட்சணமான முகம். நெற்றி அகலம், புருவம் இரண்டும் யாரும் திருத்தாமலே திருத்திய மாதிரி, வியர்வையிலும் களையாக இருந்தது. என் வேலை முகங்களோடு என்பதால் இதெல்லாம் ஒரே பார்வையில் எனக்குப் பதிந்துவிடும். கூட்டத்தில் நின்ற பெண்களில் இருவர் தங்களுக்குள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. பெரியவர் வலியில் முனகிக்கொண்டிருக்கும்போது நாங்கள் எல்லோரும் அந்தப் பையனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு யாரோ என் கையில் கொடுத்த தண்ணீர்ப் புட்டியை அந்த இளைஞரிடம் நீட்டினேன். அடுத்த கடைக்காரர் நசீர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். அதன் பிறகு கூட்டத்தில் ஒருவர் கீழே கிடந்த சைக்கிளைக் காட்டி, "இவன்தானே இடிச்சான்?" என்று உரக்கக் கேட்டார். யார் என்று தெரியாது. இளைஞர், "நான் இல்ல அங்கிள், வேற ஒருத்தர்" என்று சொன்னார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் வந்து பெரியவரை ஏற்றிச் சென்றது. அதன் பிறகு போலீசார் வந்து விசாரித்தபோது முதலில் நான் சொன்னேன், பிறகு சிவானி, பிறகு நசீர். மூவரும் ஒரே மாதிரி சொன்னோம். எனக்கு அப்போது கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. சைக்கிள் வேகமாக வருவதும், மேலே அந்த முகமும், பெரியவர் சாய்வதும் என் கண்ணுக்குள் படம் போலத் தெரிந்தன. சாலையில் உள்ள கண்காணிப்புக் கேமராவில் ஐந்தடிப் பாதை தெரியவில்லை, தூணும் தொங்கவிட்ட பூச்சரங்களும் மறைத்துவிட்டன என்று அன்று ஓர் அதிகாரி சொன்னதைக் கேட்டேன்.

14 ஆகஸ்ட் புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணியளவில் பூவம்மா என்ற பெண்மணி எங்கள் கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். புருவம் திருத்த வந்தவர் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். வரிசையில் இருவர் இருந்தார்கள். அவர்கள் முடிந்து போகும்வரை பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு தான் திலீப்பின் தாயார் என்று சொன்னார். மகன் தாதியர் (நர்சிங்) படிப்பு முடித்துவிட்டதாகவும், செப்டம்பர் இரண்டாம் தேதி ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர வேண்டும் என்றும், இந்த விசாரணை முடியும்வரை சேர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் கூறினார். பெரியவரின் கழுத்தில் அடிபட்டிருக்குமோ என்று பயந்துதான் மகன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தானாம்.

அதன் பிறகு அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அக்கா, நீங்க உங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் என்னை மிரட்டவில்லை. எதையும் கொடுக்கவோ கேட்கவோ இல்லை. கடையில் இருந்தது மொத்தம் இருபது நிமிடம் இருக்கும். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் 15 ஆகஸ்ட் வியாழக்கிழமை மாலை வீட்டில் சாப்பிடும்போது இதை என் கணவரிடம் சொன்னேன். அவ்வளவு அழகான பையன் இப்படிச் செய்துவிட்டு இல்லை என்கிறானே என்று சொன்னேன். என் கணவர் பட்டறையில் யாராவது அடிபட்டால் பக்கத்தில் இருந்தவர்களிடம் விவரம் கேட்டு எழுதுகிறவர். அந்தப் பழக்கத்தில் என்னிடமும் கேட்டார். எங்களுக்குள் நடந்த பேச்சு இது:

"சைக்கிள் என்ன கலர், அம்மாளு?"

"தெரியலங்க."

"பையன் என்ன சட்ட போட்டிருந்தான்?"

"கறுப்புன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"முகம் மட்டும் அப்படியே நிக்குதுங்க. வரஞ்சு காட்டச் சொன்னா வரஞ்சிடுவேன்."

"என் மூஞ்சியா இருந்தா அஞ்சு நிமிஷத்துல மறந்திருப்ப" என்று சொல்லி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு ஆண்டு ஆகிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சரி, அந்தச் சத்தம் கேக்கறதுக்கு முன்னாடி நீ எங்க நின்ன? எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருந்த? அத மட்டும் சொல்லு" என்று கேட்டார். சிவானியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

அதன் பிறகு சிவானிக்குப் போன் செய்தேன். வழக்கைப் பற்றிச் சாட்சிகள் தங்களுக்குள் பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியாது, இப்போது அதிகாரி சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்தப் பையன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று மட்டும் கேட்டேன். "ரெட் லா ஆன்ட்டி. கன்னத்துல குழி விழும், பார்த்தீங்களா?" என்றார். பிறகு நசீருக்குப் போன் செய்து அதையே கேட்டேன். வெள்ளை என்றார். நான் கறுப்பு என்று நினைத்திருந்தேன். மூன்று பேருக்கு மூன்று சட்டை, முகம் மட்டும் ஒன்று.

போனை வைத்த பிறகுதான் இன்னொன்று தோன்றியது. புருவம் திருத்தும்போது வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொண்டு, இமையைத் தன் இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அப்படிப் பிடிக்காவிட்டால் தோல் நூலில் சிக்கிவிடும். சத்தம் கேட்டபோது சிவானி அப்படித்தான் இருந்தார். அவர் சைக்கிளைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் அவரும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அவரும் என்னைப் போலவே நம்பித்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்று காலை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பாக, ஒன்பதரை மணிக்கு, கடையைத் திறந்தேன். முதலாளியம்மா வரவில்லை. சனிக்கிழமை எந்த நாற்காலியோ அதையே, இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தேன். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வேலை செய்யும்போது எப்படிக் குனிவேனோ அப்படிக் குனிந்து பார்த்தேன். எங்கள் கடையின் கண்ணாடிச் சுவரில் மணப்பெண் அலங்காரப் படங்கள் ஒட்டியிருக்கின்றன. கீழே முழங்கால் உயரத்துக்கு மட்டும் ஒட்டாமல் விட்டிருக்கிறது. குனிந்த நிலையில் எனக்கு அந்த இடைவெளி மட்டும்தான் தெரிந்தது. ஆட்களின் கால்கள் தெரிந்தன. இரண்டு முறை, மூன்று முறை குனிந்து பார்த்தேன். யாருடைய முகமும் தெரியவில்லை. சைக்கிளில் வருகிறவர் முகத்தை அங்கிருந்து பார்க்க வழியே இல்லை. வெளியே ஓடிப்போய், அந்தப் பையன் நிமிர்ந்தபோது பார்த்த முகத்தைத்தான் நான் சைக்கிளின் மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. பூவம்மாவிடம் "பார்த்தேன்" என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது.

நான் இன்னும் குனிந்திருக்கும்போதே அந்தக் கண்ணாடி இடைவெளியில் ஒரு சக்கரம் வந்து நின்றது. பருத்த டயர், மின்சார சைக்கிளுடையது. பக்கத்தில் கறுப்பு ரப்பர் செருப்புப் போட்ட ஒரு கால் ஊன்றியது. பின்னால் நீலநிறப் பிளாஸ்டிக் கூடையின் அடிப்பாகமும் தெரிந்தது. சனிக்கிழமை சத்தத்துக்கு முன்னால் நான் பார்த்தது இந்த டயரைத்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை எனக்குத் தோன்றியதை நம்பி ஒருவரை மாட்டிவிட்டதால், இதை மட்டும் வைத்து யாரையும் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வெளியே போனேன்.

முனையில் உள்ள சாப்பாட்டுக் கடைக்கு வாழையிலை கொண்டுவருகிறவர் சைக்கிளிலிருந்து கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் மூன்றாண்டுகளாகத் தினமும் காலையிலும், சில நாள் மாலையிலும் எங்கள் கடையைத் தாண்டிப் போகிறவர். அவர் பெயர் இன்று காலைவரை எனக்குத் தெரியாது. ரமணன் என்று இன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். வயது 49, ஆங் மோ கியோவில் வசிக்கிறார். எங்கள் பேச்சு வருமாறு:

"தம்பி, சனிக்கிழம சாயந்திரம் இந்தப் பக்கம் வந்தீங்களா?"

அவர் கையில் இருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டார். "வந்தேங்க்கா."

"அந்தப் பெரியவர்..."

"நான்தாங்க்கா இடிச்சேன்."

நான் எதுவும் கேட்காமலே அவர் தொடர்ந்து சொன்னார். சாலையில் லாரி ஒன்று நின்றிருந்ததால் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ஐந்தடிப் பாதையில் ஏறிவிட்டதாகவும், பெரியவர் கடையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்து பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை என்றும், வண்டியை ஐந்தாறு அடி தள்ளித் தூணோரம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்ததாகவும் சொன்னார். அதற்குள் திலீப் தன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து பெரியவரைப் பிடித்துக்கொண்டாராம். திலீப் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

"அப்போ நீங்க அங்கேயேவா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆம்புலன்ஸ் போனப்புறமும் இருந்தேங்க்கா. நீங்க வெளிய ஓடிவந்தப்ப மொதல்ல என்னத்தான் பார்த்தீங்க. நேரா பார்த்தீங்க. அப்புறம் அந்தப் பையன் பக்கம் திரும்பிட்டீங்க."

எனக்கு அவரைப் பார்த்த நினைவு இல்லை. இப்போதும் இல்லை. வராத நினைவை வந்ததாகச் சொல்ல மாட்டேன்.

"தண்ணி பாட்டில் என்னோடது. கூடையிலேர்ந்து எடுத்து உங்க கையில குடுத்தேன்" என்றார்.

அதன் பிறகு, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னேன் என்றார். அந்தப் பையனை ஒருவர் அதட்டியபோது, "நான்தான் இடிச்சேன், நான்தான்" என்று இரண்டு முறை சொன்னாராம். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லையாம். ஓர் அம்மாள் அவர் தோளைப் பிடித்து, "கொஞ்சம் வழி விடுங்க, காத்து வரட்டும்" என்று சொல்லி ஓரமாகத் தள்ளிவிட்டாராம். "மூணாவது தடவ சொல்ல வாய் வரலக்கா. பயம் வந்துடுச்சு. போலீஸ் வந்து கேப்பாங்க, அப்ப சொல்லிக்கலாம்னு நின்னேன். அவங்களும் என்னைத் தாண்டிப் போய் அந்தப் பையன்கிட்டதான் பேசினாங்க. அப்புறம் வண்டிய எடுத்துக்கிட்டு போயிட்டேன். அது தப்புதான்" என்றார். அதற்குப் பிறகு ஆறு நாளும் இதே வழியாகத்தான் இலை கொண்டுவந்ததாகவும், யாராவது தன்னைப் பார்த்து நிறுத்துவார்கள் என்று தினமும் எதிர்பார்த்ததாகவும், ஒருவரும் நிறுத்தவில்லை என்றும் சொன்னார். அவர் அழவில்லை. சொல்லச் சொல்ல அவர் தோள் கொஞ்சம் இறங்கியது, பாரத்தை இறக்கி வைத்த மாதிரி.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஒரு பெரியவர் படுக்கையில் இருக்கிறார், ஒரு பையனின் வேலை நிற்கிறது. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று எனக்குப் புதிதில்லை. எனக்கும் யாரும் திரும்பிப் பார்க்காத முகம்தான். ஐந்து முறை என்னிடம் புருவம் திருத்திக்கொண்டவர்களே ஆறாவது முறை, "புதுசா சேர்ந்திருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, சிரித்துக்கொள்வேன். ஆனால் நானும் அதையே செய்கிறேன் என்று இன்றுதான் கவனித்தேன். ஒரே ஒருமுறை வந்துபோன அழகான பெண்ணின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. வாரம் தவறாமல் வருகிற சிலருடைய பெயரை இன்னும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். மூன்றாண்டாகத் தினமும் தாண்டிப் போனவரின் சக்கரத்தை அடையாளம் தெரிந்தது, ஆளைத் தெரியவில்லை.

அதன் பிறகு நான் அவரிடம், என்னோடு காவல் நிலையத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். வருகிறேன் என்றார். ஆனால் இன்று வரலட்சுமி நோன்பு என்பதால் இன்னும் நான்கு கடைக்கும் இரண்டு வீட்டுக்கும் இலை போக வேண்டும், பூசைக்குக் காத்திருப்பார்கள், கொடுத்துவிட்டுப் பதினொரு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றார். போய்விட்டு வராமல் இருந்தால் என்ன செய்வது என்று எனக்குப் பயம் இருந்தது. அவர் போய்விட்டால் ஆள் எப்படி இருப்பார் என்று அதிகாரி கேட்கும்போது என்னால் சொல்ல முடிய வேண்டும். எனவே, "கொஞ்சம் நில்லுங்க தம்பி" என்று சொல்லி, வெளிச்சத்தில் நிறுத்தி, வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பதுபோல நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தேன். அவர் கூச்சப்பட்டு, "என்னக்கா?" என்றார். ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்றேன்.

பதினொரு மணிக்கு அவர் வரவில்லை. நான் கடைப்படியில் நின்றேன். உள்ளே ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார், அவரைக் கடையில் வேலை செய்யும் வேறொரு பெண்ணிடம் அனுப்பினேன். பதினொன்றேகாலுக்கு என் கணவர் போன் செய்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "வருவான், நில்லு" என்றார். பதினொன்று இருபத்தைந்துக்கு ரமணன் நடந்து வந்தார். வண்டியைத் தன் முதலாளி கடையில் விட்டுவிட்டு, விஷயத்தை அவரிடமும் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். கையைக் கழுவி, சட்டை மாற்றியிருந்தார். இருவரும் நடந்தே இங்கு வந்தோம். சிராங்கூன் சாலையைக் கடக்கும்போது, பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நேற்று நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவுவரை நடந்தார் என்று, அவரைப் பார்த்துவிட்டு வந்த நசீர் என்னிடம் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். ரமணன் நடுச்சாலையில் நின்றுவிட்டார். பாதசாரிகளுக்கான பச்சை மனிதன் விளக்கு மினுங்கத் தொடங்கியதால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அதிகாரி கேட்ட கேள்விகளும் என் பதில்களும்:

கேள்வி: சனிக்கிழமை திலீப் பெரியவரை இடித்ததை நீங்கள் பார்த்தீர்களா?

பதில்: இல்லை. அவர் பெரியவரின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன்.

கேள்வி: ரமணன் இடித்ததைப் பார்த்தீர்களா?

பதில்: இல்லை. அவர் சொன்னதைச் சொல்கிறேன். பருத்த டயர் ஒன்றைப் பார்த்ததாகத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: திலீப்பின் குடும்பத்தார் யாராவது உங்களை இப்படிச் சொல்லச் சொன்னார்களா?

பதில்: இல்லை. அவர் தாயார் ஒரு கேள்வி கேட்டார், அதற்கு நான் தவறான பதில் சொன்னேன். அனுமதி இருந்தால் அவரை நேரில் பார்த்துச் சரியான பதிலைச் சொல்ல விரும்புகிறேன். விசாரணை முடிந்த பிறகு சொல்லலாம் என்று அதிகாரி கூறினார். அதுவரை காத்திருக்கிறேன். திலீப் வேலைக்குச் சேரும் தேதிக்கு முன் இந்த வாக்குமூலம் போய்ச் சேர வேண்டியவர்களிடம் சேருமா என்று கேட்டேன். இன்றே கோப்பில் சேர்க்கப்படும் என்று கூறினார். எனக்கு அது போதும்.

கேள்வி: ரமணன் இப்போது எங்கே இருக்கிறார்? நீங்கள் அடையாளம் சொல்ல முடியுமா?

பதில்: முடியும். கீழே வரவேற்புக் கூடத்தில் இருக்கிறார். அங்கே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடாதீர்கள். நடுத்தர உயரம், மாநிறம். நெற்றி குறுகலானது, முடி முன்னால் கொஞ்சம் ஏறியிருக்கும். இடது புருவத்தின் வால்பக்கம் அரை அங்குலம் முடி இல்லை, சின்ன வயதில் பட்ட காயம் என்று நினைக்கிறேன். வலது கண்ணிமை இடதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அதனால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் போலத் தெரிவார். மூக்கு சற்றே வலப்பக்கம் சாய்ந்தது. மேலுதட்டில் மீசை நடுவில் நரைத்து, இரண்டு ஓரமும் கறுப்பாக இருக்கும். தாடையில் சவரம் செய்யும்போது விட்டுப்போன நான்கைந்து முடி. கேட்டால் உடனே எழுந்து நிற்பார். பொறுமையான முகம். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை, நானும்தான். என் பதிவு முடிந்ததும் இரண்டு பேருக்கும் ஏதாவது வாங்கிவர எனக்கு அனுமதி வேண்டும்.

மேலே உள்ளது முழுவதும் எனக்குத் தமிழில் நிதானமாகப் படித்துக் காட்டப்பட்டது. திருத்தம் இருந்தால் சொல்லலாம் என்றார்கள். ஓரிடத்தில் "இலைக்காரர்" என்று எழுதியிருந்ததை "ரமணன்" என்று மாற்றச் சொன்னேன், மாற்றப்பட்டது. நான் பார்த்ததைப் பார்த்ததாகவும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும், பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவும் கூறியிருக்கிறேன். இவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தெளிந்த மனதோடு கையெழுத்திடுகிறேன்.

முடிந்த நேரம்: பிற்பகல் 3.05.

(ஒப்பம்) அந்தோனியம்மாள்

என் முன்னிலையில் பதிவானது: நிவேதிதா, விசாரணை அதிகாரி